மார்ச் எட்டு

அக்டோபர் ஒன்பதில் மெரெடித் வீட்டுக் கிடா
இரண்டு நாள் வாடகைக்கு வந்து போனது.
வாடகை ஒரு மூட்டை உருளைக்கிழங்கு,
என் மேல்கோட்டின் நாற்றம் போக
மூன்று முறை துவைத்த சோப்பு தனி.
சமையலறை நாட்காட்டியில் விரல்விட்டு எண்ணி
நூற்றைம்பதாம் நாளுக்கு வட்டம் போட்டேன்.
மார்ச் எட்டு.
போட்ட பிறகுதான் கேள்வி வந்தது:
பிடித்திருக்கிறதா?

கிடாவின் கொம்படியில் தேய்த்தெடுத்த கந்தலை
ஜாம் பாட்டிலில் அடைத்து வைத்திருந்தேன்.
இருபத்தோராம் நாள் மூடி திறந்து
முயாரின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.
மூன்று வாரம் முன்பு அதே வாசத்துக்கு
வேலி பிய்ந்துபோகும்படி கத்தியவள்
கடன்காரனைத் தெருவில் பார்த்தது போல
முகத்தைத் திருப்பிக்கொண்டு தீவனத்துக்குப் போனாள்.
"சினைதான்" என்றேன்.
"கோபமாகவும் இருக்கலாம்" என்றான் இட்வால்.

அவனுக்கு யாரோ சொன்னார்களாம்:
ப்ளீச்சில் ஆட்டு மூத்திரம் ஊற்று, நுரைத்தால் சினை.
தயிர் டப்பாவை ஏந்தி
ஒரு முழுக் காலை அவள் பின்னாலேயே அலைந்தேன்.
தபால்காரி பார்த்தாள். கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
முற்றத்தில் வைத்து ஊற்றினோம்.
நுரைத்தது. பொங்கி வழிந்தது. கைதட்டினோம்.
பிறகு இட்வால் கொட்டகைக்குப் பின்னால் போய்
இன்னொரு டப்பாவோடு வந்தான்.
அதுவும் நுரைத்தது.
"மார்ச்சில் எனக்கும் கொஞ்சம் வைக்கோல் பரப்பிவை" என்றான்.

ஜனவரியில் மலைக்கு அந்தப்பக்கப் பண்ணைக்கு
ஹெலெத் ஸ்கேன் பெட்டியோடு வந்தாள், முந்நூறு செம்மறிகளுக்கு.
"கூட்டிக்கொண்டு வா, முந்நூற்றோடு ஒன்று."
அன்று பனி. வேன் பாதி ஏற்றத்தில் வழுக்கியது.
திரும்பிவிட்டோம்.
ரத்தம் எடுத்து அனுப்பலாம்தான்,
அந்தப் பணத்துக்கு ஆறு கட்டுத் தீவனப்புல் வரும்.
புல் வந்தது.

மிச்சம் என் கை.
மாலையில் அவளைச் சுவரோரம் நிறுத்தி
மடிக்கு முன்னால் இரு உள்ளங்கையும் கோத்து
மெல்லத் தூக்கி, விட்டு, காத்திருப்பேன்.
இடப்பக்கம் இரைப்பை,
அது எந்நேரமும் பேசும், நம்பக்கூடாது.
வலப்பக்கம்தான் சாட்சி.
பிப்ரவரியில் வலப்பக்கம் ஏதோ திரும்பியது,
தளும்பியது, விரலில் இடித்துவிட்டு விலகியது.
இரண்டு என்றேன்.
வயிறு பீப்பாயாகி
கதவின் இரு பக்கமும் உரசி நுழைந்தாள்.
இட்வால் பழைய துண்டுகளைத் துவைத்து மடித்தான்,
என்னிடம் சொல்லாமல் இரண்டு பால்புட்டி வாங்கினான்.

மார்ச் ஐந்து, விடியுமுன்.
டார்ச் வெளிச்சத்தில் முயார்
ஒல்லியாக நின்றிருந்தாள்.
காலடி வைக்கோல் முழுக்க ஈரம்.
தொட்டிக்குப் பின்னால் தேடினேன், பலகைக்கு அடியில் தேடினேன்.
குட்டி இல்லை. நஞ்சுக்கொடி இல்லை. ரத்தம்கூட இல்லை.
தண்ணீர்.
வாளி வாளியாக, தெளிந்த தண்ணீர்.

"பொய்ச்சினை" என்றாள் ஹெலெத் போனில்,
"மேகம் உடைந்த மாதிரி. நடப்பதுதான்."
எங்கள் மலையில் மழைக்கா பஞ்சம்,
இதையும் ஐந்து மாதம் ஒருத்தி சுமக்க வேண்டுமா?

அவள் பொய் சொல்லவில்லை.
உள்ளே எங்கோ அவளும் ஒரு தேதிக்கு வட்டம் போட்டிருந்தாள்.
ஈர வைக்கோலை நக்கிக்கொண்டே
தொண்டைக்குள் ஒரு தாழ்ந்த குரல் கொடுத்தாள்,
குட்டியிடம் மட்டும் பேசும் குரல்.
நான் துண்டோடு நின்றேன்.
வேறு தோன்றாமல் கையை நீட்டினேன்.
மணிக்கட்டு வரை நக்கினாள்,
விரலிடுக்கெல்லாம், ஒன்று விடாமல்.

எட்டாம் தேதி மடி நிறைந்து தெறித்தது.
ஒன்றரை லிட்டர்.
இட்வால் தேநீரில் ஊற்றிக் குடித்துவிட்டு
வட்டத்துக்குள் பென்சிலால் எழுதினான்: பால்.

ஜாம் பாட்டில் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.
மூடி இறுக்கம்தான்.
ஆனாலும் நாறுகிறது.